ஒருத்தியை ஒரு தடவைதான்

கட்டியை எடுத்தாகிவிட்டது, தையலும் பிரித்தாகிவிட்டது, இனிமேல் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் ஷபானா ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார்.

"கீமோ ஊசி போட்டுக்கலாம், போட்டுக்காமலும் இருக்கலாம். வீட்டுல கலந்து பேசி அடுத்த மாசம் முதல் வாரத்துக்குள்ள சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. நான் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுக்கிறவள். ஆறும் மூணும் எவ்வளவு டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டால், ஒன்பதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வீட்டில் கலந்து பேசு என்றா சொல்வேன்? படித்துப் பட்டம் வாங்கி, கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர். நான் போய் என் வீட்டுக்காரரிடம் என்னத்தைக் கலந்து பேசுவது?

"போட்டா என்ன ஆகும், போடலைன்னா என்ன ஆகும்? அதைச் சொல்லுங்க மேடம்" என்றேன்.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "உங்க வயசு, உங்க கட்டி மாதிரி இருக்கிற நூறு பேரை எடுத்துக்குங்க. ஆபரேஷனோட விட்டாலே பத்து வருஷம் கழிச்சு எழுபது பேருக்குக் கொஞ்சம் மேலே உயிரோட இருப்பாங்க. ஊசியும் போட்டா கூடுதலா ஒரு ஆறேழு பேர் இருப்பாங்க. மிச்சப் பேரை ஊசி போட்டாலும் காப்பாத்த முடியறதில்லை."

"நான் அந்த ஆறேழு பேர்ல ஒருத்தியா?"

"அது யாருக்கும் தெரியாதும்மா."

"போட்டுக்கிட்ட பிறகாவது தெரியுமா?"

"அப்பவும் தெரியாது."

இதற்கு ஒரு கிளி ஜோசியக்காரனே தேவலை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் சாம் என் முழங்கையை அழுத்தினார். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும்.

இது 1999. சாம் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியன். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மாதச் சம்பளம் வந்ததே பெரிய காரியம் என்று சபையில் சாட்சி சொல்லியிருக்கிறோம். குவார்ட்டர்ஸில் வீடு, வாசலில் ஒரு கொய்யா மரம், பத்தாவது படிக்கும் மகள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது.

சாமுக்குத் தெரிந்த ஒரே வழி, புரியாததை ஹரிகிருஷ்ணன் சாரிடம் கொண்டுபோவது. அவர் சாமின் செக்‌ஷனில் விஞ்ஞானி. நாகர்கோவில்காரர். டாக்டர் சொன்ன கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடி, லைப்ரரியில் ஒரு கட்டுரையை எடுத்து ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் வடை சுட்டு வைத்திருந்தேன். என் உயிரைப் பற்றிப் பேச வருகிறவருக்கு வெறும் டீயா கொடுப்பது?

"இதுக்கு மெட்டா அனாலிசிஸ்னு பேரு டீச்சர்" என்று அந்தக் காகிதத்தை டீப்பாயில் விரித்தார். "பல ஊர்ல, பல ஆஸ்பத்திரியில, தனித்தனியா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. பாதிப் பேருக்கு ஊசி போட்டு, பாதிப் பேருக்குப் போடாம. அத்தனையும் சேர்த்து ஒரே கணக்காப் பார்க்கிறதுதான் இது."

ஒரு பக்கம் முழுக்கப் படம். நடுவில் மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு. அதன் இரண்டு பக்கமும் துண்டு துண்டாகப் படுக்கைக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஓர் ஆராய்ச்சியாம். கோடு இடது பக்கம் இருந்தால் ஊசி நல்லது, வலது பக்கம் இருந்தால் ஊசியால் பிரயோஜனமில்லை. சிலது இடது பக்கம் இருந்தது. ஒன்றிரண்டு வலது பக்கம் சாய்ந்திருந்தது. நிறையக் கோடுகள் நடுக்கோட்டின் மேலேயே, வேலியில் காயப்போட்ட துணி மாதிரி, இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் சீட்டுக்கட்டில் வருகிற டைமன் ஒன்று, இடது பக்கமாக. எங்கள் வீட்டில் சீட்டையே உள்ளே விடமாட்டோம். இப்போது என் ஆயுசு ஒரு டைமனில் வந்து நிற்கிறது.

"ஒருத்தன் ஆமாங்கறான், ஒருத்தன் இல்லைங்கறான், முக்கால்வாசிப் பேர் தெரியலைங்கறான். எல்லாத்தையும் கூட்டினா மட்டும் ஆமான்னு எப்படி சார் வரும்? பதில் தெரியாத பத்துப் பிள்ளைங்களைச் சேர்த்து நிக்க வெச்சா பதில் வந்துடுமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒவ்வொண்ணுலயும் ஆள் கம்மி. கம்மியா இருந்தா, சும்மா அதிர்ஷ்டத்துலயே நல்லதும் வரும் கெட்டதும் வரும். ஆயிரக்கணக்குல சேர்க்கிறப்போ அந்த அதிர்ஷ்டம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். மிச்சம் நிக்கறது மருந்தோட வேலை."

புரிந்த மாதிரி இருந்தது, வடையை எடுக்கக் குனிந்ததும் போய்விட்டது.

"சேர்க்கிறதுல ஒரே ஒரு ஆபத்து உண்டு" என்று அவரே தொடர்ந்தார். "ஒரே ஆஸ்பத்திரிக்காரங்க அதே நோயாளிங்களை வெச்சு ரெண்டு மூணு கட்டுரை எழுதிடுவாங்க. கவனிக்காம சேர்த்தா ஒரே ஆளை ரெண்டு மூணு தடவை எண்ணின மாதிரி ஆயிடும். அதனால இவங்க ஒவ்வொரு ஆராய்ச்சிக்காரங்ககிட்டயும் கேட்டு, நோயாளி நோயாளியாச் சரிபார்த்து, ஒருத்தரை ஒரு தடவை மட்டும் எண்ணியிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார் இது, ஒரே ஆளை ரெண்டு தடவை எண்ணுவாங்களா? அவ்ளோ படிச்சவங்க?"

எண்ணுவதைப் பற்றி என்னிடம் பேசக் கூடாது. 1991-இல் நான் சென்சஸ் எடுத்தவள். ஒரு தெருவில் மாமியார் வீட்டில் மருமகள் பேரைச் சொன்னார்கள். இரண்டு தெரு தள்ளி அம்மா வீட்டிலும் அதே பெண் பேரைச் சொன்னார்கள், பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். நான் நிறை மாதக்காரியை வாசலுக்குக் கூப்பிட்டு நிறுத்தி, முகத்தைப் பார்த்து, மாமியார் வீட்டுக் கணக்கில் அடித்துவிட்டு வந்தேன். ரேஷன் அட்டையில் பேர் போய்விடும் என்று அந்த மாமியார் தெரு முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டினாள். திட்டட்டும். ஒருத்தியை ஒரு தடவைதான் எண்ண வேண்டும். சூப்பர்வைசர் என் வட்டத்துக் கணக்கைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார். இந்தக் கதையை ஹரிகிருஷ்ணன் சாருக்கு நான் இன்னும் நீளமாகவே சொன்னேன்.

அவர் போன பிறகு சாம் கேட்டார். "இன்னா ஜாக்கு, போட்டுக்கலாமா?"

"எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"டைமன் இந்தப் பக்கம் கீது. அது புரிஞ்சுது" என்றார்.

அதற்கப்புறம்தான் ஊரார் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் தெய்வநாயகி. எங்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அரிசியைப் புடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க அண்ணி ஒண்ணு மதுராந்தகத்துல இருந்துச்சு. உங்களுக்கு வந்ததேதான். முழங்கால் வரைக்கும் முடி அதுக்கு. இந்த ஊசி போட ஆரம்பிச்சாங்க, மொத்தமும் கொட்டிப் போச்சு. ஒரு வருசம் கூட நிக்கல."

நான் மனதுக்குள் ஒரு விரலை மடக்கினேன்.

அடுத்தது ஜெபகுமார். எங்கள் சபை மூப்பர். வீட்டுக்கு வந்து எனக்காக முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னார். "சிஸ்டர், பயப்படுத்தச் சொல்லல. எங்க சித்தி ஒருத்தங்க பொத்தேரில காலேஜ் பசங்களுக்கு மெஸ் நடத்திக்கினு இருந்தாங்க. கல்லு மாதிரி உடம்பு. ஊசி போட்டாங்க, இட்லி ஊத்திக்கினு இருக்கும்போதே மயக்கம் போட்டு வுழுந்துட்டாங்க. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. எவ்ளோ நீள முடி தெரியுமா அவங்களுக்கு?"

இரண்டு.

மூன்றாவது எல்லப்பன். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் நிற்க முடியாத நாட்களில் அங்கே இறங்கி அவன் ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போவோம். "இன்னா அண்ணாத்த, அக்காவுக்கு உடம்பு சொகமில்லையா?" என்று ஆரம்பித்தான். சாம் மறைக்கத் தெரியாதவர். சொல்லிவிட்டார். "ஐயையோ, அந்த ஊசியா? வேணாங்க்கா. எங்க மச்சானோட மாமியாக்காரி இங்க பொண்ணு வூட்டுலதான் கடைசியா கெடந்துச்சு. ஒரு வாய் கஞ்சி எறங்கல. ஒடம்பே கறுத்துப் போச்சு. ஊசிதான் கொன்னுச்சு."

நான்காவது பிரபாவதி. செங்கல்பட்டு தாலுகா ஆபீஸில் வேலை. பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறவள். "ஜாக்குலின், எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு ஆபீஸ் அசிஸ்டென்ட் சம்சாரம். கொட்டின முடியை எல்லாம் அந்த மனுஷன் ஒரு துணியில முடிஞ்சு வெச்சிருக்காராம். அவ்வளவு நீளமாம். பாவம், போயே போயிடுச்சு அந்த அம்மா."

நாலு பேர். நான் தூக்கமே கெட்டுப்போய்க் கிடந்தேன். பெண் பாவம் பொல்லாதது என்று சொல்லி அழுதேன், நாலு பேருக்காகவும் தனித்தனியாக. இதற்கு நடுவில் ஒரு கண்டுபிடிப்பு வேறு செய்தேன். மூன்று பேர் கதையில் நீள முடி வருகிறதே, ஒருவேளை முடி நீளமாக இருப்பவர்களுக்குத்தான் இந்த ஊசி ஒத்துக்கொள்ளாதோ? கண்ணாடி முன்னால் நின்று என் எலிவால் பின்னலை இழுத்துப் பார்த்தேன். தோளுக்குக் கீழே நாலு விரல்கூட வராது. அப்போ எனக்கு ஒத்துக்கொள்ளுமோ? ஆனால் எல்லப்பன் முடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே? இப்படியெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். உயிர்ப்பயம் வந்தவளின் மூளை எந்தச் சந்திலும் நுழையும்.

சாமிடம் கேட்டேன். "உங்க பேப்பர்ல இருக்கறவ ஒருத்தியாவது மதுராந்தகமா? பொத்தேரியா?"

"எல்லாம் வெளிநாடு."

"அவளுங்க ரொட்டி தின்றவங்க. இவங்க நாலு பேரும் என்னை மாதிரி சோறு தின்னவங்க. பஸ்ஸு புடிச்சுப் போனா இவங்க வூட்டு வாசலைப் பாக்கலாம். அந்த டைமனை யாரு போய்ப் பாத்தா?"

"ஆயிரக்கணக்கான பேருடி" என்று மட்டும் முனகினார்.

"அந்த ஆயிரத்துல ஒருத்தி பேர் சொல்லுங்க."

அவர் எழுந்துபோய்க் கொய்யா மரத்தடியில் நின்றார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் போய்ப் பார்க்கவில்லை. ஊசி வேண்டாம் என்று திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. முடிவு எடுத்தால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை தெய்வநாயகி சொன்னாள். "நாளைக்கு எங்க அண்ணிக்கு வருசப் படையல் டீச்சர். நீங்க ஒரு எட்டு வந்து எங்க அண்ணனை நேர்லயே கேட்டுக்குங்களேன். மனசு தெளிஞ்சா மாதிரி இருக்கும்."

எனக்கும் விடையைச் சரிபார்க்காமல் விட்டுப் பழக்கமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல், சாமைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு போய் அங்கிருந்து மதுராந்தகத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஏரிக்கரையைத் தாண்டி உள்ளே போகிற தெரு. பந்தல் போட்ட வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பின்பக்கம் நீல எழுத்தில் 'அன்னை எல்லம்மாள் துணை'. அதை எனக்குத் தெரியும். மாமல்லபுரத்தில் அதன் உள்ளே உட்கார்ந்துதானே கஞ்சி இறங்காத கதையைக் கேட்டேன். வாடகைக்கு வந்திருப்பான் என்று நினைத்தேன்.

பந்தலுக்குள் நுழைந்தால், வரிசையாகப் போட்ட இலைகளில் ஒன்றின் முன்னால் பிரபாவதி உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். "நீ எங்கடி இங்க?" என்றாள். அவளுக்குப் பக்கத்து இலையில் எல்லப்பன். கையைத் தூக்கி வணக்கம் வைத்தான். ஒரு மூலையில், படைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்த பாத்திரத்தின் பக்கத்தில், எங்கள் சபை மூப்பர் ஜெபகுமார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "சிஸ்டர்? இன்னிக்கு ஆராதனைக்குப் போகலையா?"

நேரே கூடத்துக்குள் போனேன். சுவரில் ஒரு படம், மாலை போட்டு. நாற்பத்தைந்து வயது இருக்கும். பின்னலை முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதைப் படம் பிடிக்கத்தான் ஸ்டூடியோவுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க யாரு?" என்று பின்னால் வந்த ஜெபகுமாரிடம் கேட்டேன்.

"இவங்கதான் சிஸ்டர் நான் சொன்ன சித்தி. பொத்தேரில மெஸ் வெச்சிருந்தாங்களே."

தெய்வநாயகி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "அண்ணி டீச்சர்" என்றாள்.

எல்லப்பன் கை கழுவிவிட்டு எட்டிப் பார்த்தான். "எங்க மச்சான் இவங்க பொண்ணைத்தானே கட்டிக்கீறான். நான் சொன்னேன் இல்ல, மாமியாக்காரின்னு."

பிரபாவதியைக் கேட்கவே வேண்டியதில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்த வீட்டுக்காரர் லட்சுமணன், மதுராந்தகம் தாலுகா ஆபீஸில் ஆபீஸ் அசிஸ்டென்ட்.

மடக்கிய நாலு விரலையும் நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரே ஒருத்தி. பெரியவர்கள் பேரைச் சொல்லக் கூடாது என்று அண்ணி, சித்தி, மாமியார், சம்சாரம் என்றே சொன்னார்கள். ஒருவர் அவள் வாழ்ந்த ஊரைச் சொன்னார், ஒருவர் உழைத்த ஊரைச் சொன்னார், ஒருவர் கிடந்த ஊரைச் சொன்னார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. நிறை மாதக்காரியை வாசலுக்குக் கூப்பிட்டு முகம் பார்த்த நான், இவளை ஒரு தடவைகூட முகம் பார்க்காமல் நாலு வீட்டுக் கணக்கில் எழுதியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுதால் படத்திலிருப்பவளுக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைப்பார்கள். அதுவும் உண்மைதான்.

"அவங்க பேர் என்னங்க?" என்று லட்சுமணனிடம் கேட்டேன்.

"தனகோடி" என்றார். எனக்காகவே அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது.

சாம் என் விஷயத்தைச் சொன்னார். லட்சுமணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"ஆறு ஊசின்னாங்கம்மா. ரெண்டு போட்டோம். முடி போச்சு, வாந்தி எடுத்தா, ஒரு நாள் மெஸ்ல மயக்கம் போட்டு வுழுந்தா, ஆனா மத்தபடி தெம்பாத்தான் இருந்தா. மீதியும் போட்டுக்கினு திரும்ப மெஸ்ஸைத் தொறக்கணும்னுதான் சொல்லிக்கினு இருந்தா. நான்தான் வேணாம்னு நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"ஆளாளுக்கு வந்து சொன்னாங்கம்மா. இந்த ஊசி போட்டு நாலஞ்சு பொம்பளைங்க செத்துட்டாங்கன்னு. பயந்துட்டேன்."

"யாருங்க அந்த நாலஞ்சு பேரு?"

அவர் யோசித்தார். நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். "பேர் தெரியாதும்மா. ஒருத்தி செங்கல்பட்டுப் பக்கம்னாங்க. ஒருத்தி டீச்சரோட அக்கான்னாங்க. நான் போய்ப் பாக்கல."

பந்தலில் யாரோ மோர் கேட்டார்கள். அவர் எழுந்துபோனார்.

பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஊசி போட்டால் சாவு என்பது போய்விட்டது. அதற்காக, போட்டால் பிழைப்பாள் என்று ஆகிவிடுமா? அன்று சாயந்திரமே ஹரிகிருஷ்ணன் சார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டேன்.

"ஆகாது டீச்சர்" என்றார். "அவங்களுக்கு எவ்வளவு பரவியிருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. ஆறும் போட்டிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னும் தெரியாது."

"அப்ப அவங்க கோட்டுக்கு எந்தப் பக்கம் சார்?"

"ஒருத்தரை வெச்சு எந்தப் பக்கமும் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து அந்த ஜெராக்ஸை மறுபடியும் எடுத்தேன். கோடுகள் அப்படியேதான் கிடந்தன. முன்பு புரியாதது எதுவும் இப்போது புரிந்துவிடவில்லை. ஒன்று மட்டும் இருந்தது. இதைச் செய்தவர்கள், நான் செய்யாததைச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியாகச் சரிபார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை டாக்டர் ஷபானாவிடம் போட்டுக்கொள்கிறேன் என்றேன். சாம் வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்.

அந்த ஆறு மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. வாயெல்லாம் புண். மீன் குழம்பு வாசனை வந்தாலே குடலைப் புரட்டும். எலிவாலும் போயிற்று. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் என் தலைத்துணியை இழுத்துப் பார்த்து, "டீச்சர், மொட்டையா?" என்று கேட்டன. திருப்பதிக்குப் போகாமலே மொட்டை என்று சொல்லிவைத்தேன். முடிந்தது. முடி திரும்ப வந்தது, சுருட்டையாக.

பிறகு என்னைக் கேளம்பாக்கம் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். 2001 சென்சஸில் படூர்த் தெருக்கள் எனக்கு வந்தன. என் சுருட்டைத் தலையைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தைச் சொன்னேன். சபையில் பாட்டுப் பாடி முடித்த கையோடு சாட்சியும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

2003-இல் பிரதீபா, ஊசி போட்டுக்கொண்ட டீச்சர் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, பள்ளிக்கு என்னைத் தேடி வந்தாள். படூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் குடியிருப்பவள், சேலத்துக்காரி, கணவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்கு வந்ததே அவளுக்கும். ஆபரேஷன் முடிந்து, அதே கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தனியாகப் பேச வேண்டும் என்றாள். பள்ளி விட்டதும் மாமல்லபுரம் வரை என்னோடு பஸ்ஸில் வந்தாள். எனக்குக் கல்பாக்கம் பஸ், அவளுக்குத் திரும்பிப் போகிற பஸ். பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அவள் பயந்திருந்தாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "நான் முடிவு பண்ணிட்டேன் டீச்சர். போட்டுக்கப் போறேன். மூணு பேர் போட்டுக்கிட்டு நல்லா இருக்காங்களாம்" என்று வலது கை விரல்களை நீட்டினாள். "நான் போன ஸ்கேன் சென்டர்ல வேலை பார்க்கிற பொண்ணு சொன்னா, அவங்க சர்ச்சுல பாட்டுப் பாடற ஒரு அக்கா. எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சொன்னார், சுருட்டை முடியோட சென்சஸ் எடுக்க வந்த ஒரு அம்மா. மூணாவது நீங்க."

கல்பாக்கம் பஸ் வந்து, நின்று, போனது. நான் ஏறவில்லை.

மூன்று விரல்கள் என் முகத்துக்கு நேராக நீண்டிருந்தன. சபையில் பாடுவது நான். சென்சஸ் எடுத்தது நான். பேசாமல் இருந்துவிடலாம். அவள் போட்டுக்கொள்ளத்தான் போகிறாள். நல்ல காரியத்துக்குத்தானே அந்த மூணு? என்னைச் சாவுக் கணக்குச் சொல்லி மிரட்டியவர்கள்மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தது. பிழைத்த கணக்கென்றால் மட்டும் பொய் இனிக்குமா? ஆனால் இதை உடைத்து, அவள் பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? நாலு பேர் செத்தார்கள் என்று கேட்டபோதுகூட இவ்வளவு குழம்பவில்லை.

"பிரதீபா, அந்த மூணு பேரும் நான்தான்டி" என்றேன்.

இரண்டு விரல்கள் தானாக மடங்கின. "ஒருத்தர்தானா?"

"ஒருத்திதான். இன்னொண்ணும் சொல்லிடறேன், கேட்டுக்கோ. மதுராந்தகத்துல தனகோடின்னு ஒருத்தி. ரெண்டு ஊசி போட்டா, நிறுத்திட்டாங்க, செத்துட்டா. அவளையும் எண்ணிக்கோ. அவளும் ஒண்ணுதான்."

அவள் இடது கையிலும் ஒரு விரலை நீட்டினாள். வலது கையில் நான். இடது கையில் தனகோடி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"இந்த ரெண்டை வெச்சுக்கிட்டு நான் என்ன டீச்சர் முடிவு பண்றது?"

"முடியாது. எனக்கும் முடியல." பையிலிருந்த ஜெராக்ஸை எடுத்தேன். அவள் வருவதாகச் சொன்னதால் கொண்டுவந்திருந்தேன், மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. "இதுல நான் இல்ல, தனகோடி இல்ல, நீயும் இல்ல. யார் யாரோ. போட்டுக்கிட்டவங்களும் இருக்காங்க, போட்டுக்காதவங்களும் இருக்காங்க, செத்தவங்களும் இருக்காங்க. ஒருத்தி பேரும் எனக்குத் தெரியாது. ஆனா ஒவ்வொருத்தியையும் ஒரே ஒரு தடவைதான் எண்ணியிருக்காங்க."

"நீங்க பிழைச்சது ஊசியாலதானே?"

"தெரியாது. ஊசி போடாமலே பிழைச்சிருப்பேனோ என்னவோ. உன் டாக்டரும் அதைத்தான் சொல்வாங்க. கோவப்படாத."

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். எந்தக் கோட்டில் என்ன தேடினாளோ தெரியாது. கடைசியில் விரல் அடியில் வந்து அந்த டைமனில் நின்றது. படூர் பஸ் உள்ளே திரும்பியதும் காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தோடு ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் குனிந்து கூப்பிட்டாள்.

"திங்கட்கிழமை முதல் ஊசிக்குப் போறேன் டீச்சர். நாளைக்கு யாராச்சும் உங்ககிட்ட வந்து கேட்டா, என்னையும் ஒண்ணுன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். பஸ் நகர்ந்தது. எந்தக் கையில் என்று நான் கேட்கவில்லை. அது அவளுக்கும் தெரியாது.